ஊதுபத்தி சாயும் பக்கம்

ஊதுபத்தியைக் கொளுத்தி, சுடரை ஊதி அணைத்துவிட்டு, மிஷினின் மூடி ஓரமாகவே அதை மெல்ல நகர்த்திக்கொண்டு போகிறார் அப்துல் நாசர். இடது மூலையில் கொஞ்சம் நிற்கிறார். புகை இழை வளைந்து மூடியின் இடுக்குக்குள் நுழைகிறது. அடுத்த மூலை. அங்கேயும் நுழைகிறது. பின்பக்கம் கை எட்டாது. ஊதுபத்தியை ஒரு மூங்கில் குச்சியின் நுனியில் கட்டி நீட்டுகிறார். அங்கே மட்டும் புகை தயங்கி, நேராக மேலே எழுகிறது. "ம்ஹூம்" என்கிறார். ரப்பர் பட்டை ஒன்றைக் கிழித்து ஒட்டி, அகன்றிருந்த அந்த இடுக்கைச் சிறிதாக்குகிறார். மறுபடி ஊதுபத்தி. இப்போது நுழைகிறது. அதுவரை புகை இழுக்கிற விசிறி மட்டும்தான் ஓடும்; அதற்குப் பிறகுதான் லேசர் மிஷினின் சுவிட்சில் கை வைப்பார்.

இதை முதல்முறை பார்த்தபோது நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றேன். அந்தியூர்ப் பக்கம் எங்கள் ஊரில் ஆயுத பூஜையன்று கிணற்று மோட்டாருக்கும் மருந்தடிக்கிற மிஷினுக்கும் ஊதுபத்தி காட்டுவோம். பாய் வீட்டிலும் அப்படி ஏதோ வழக்கம் இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"செருப்பைப் போட்டுக்குங்க தம்பி. இது சாமிக்கு இல்லீங்க, காத்துக்கு. எந்தப் பக்கம் போறேன்னு அதுகிட்ட கேக்கறேன். அதுக்கு வாயில்ல பாருங்க, புகையிலதான் சொல்லும்."

கோயமுத்தூர் கோட்டைமேட்டில் ஒரு சந்து. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். அவர் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. சந்தைப் பார்த்த முன்னறை மேற்கே, அதுதான் பட்டறை. நடுவில் படுக்கையறை. கடைசியில் சமையலறை, அதன் பின்கதவைத் திறந்தால் கிழக்கே துணி துவைக்கிற இடம், தலைக்கு மேலே வானம் ஒரு சதுரமாகத் தெரியும். படுக்கையறைக் கட்டிலில் இரண்டு பேர் படுக்கலாம். தலையணை ஒன்றுதான் இருக்கிறது.

மிஷின் பெரிதல்ல. இரண்டு ஆள் தூக்கிவிடலாம். உள்ளே ஓர் ஒளிக்கதிர் ஓடி, மரப்பலகையை மயிரிழைக் கோடாக வெட்டுகிறது. வெட்டுகிற இடம் கருகும், கருகினால் புகை. அந்தப் புகையை ஒரு விசிறி இழுத்து, ஆள் தொடை பருமனுள்ள அலுமினியக் குழாய் வழியாக வெளியே தள்ளுகிறது. பிறந்தநாள் கேக்கில் குத்துகிற பெயர், நிக்காஹ் வீட்டுக்குப் பரிசுப் பெட்டி, சாவி மாட்டுகிற மீன், வீட்டுப் பெயர்ப்பலகை என்று எல்லாம் இதில்தான் பிறக்கின்றன. நானும் பெயர்ப்பலகைக்காகத்தான் போனேன். 'செல்லாத்தாள் வெள்ளியங்கிரி இல்லம்' என்று அம்மா அப்பா பெயர் மேலே. கீழே என் பெயர், அதற்குப் பின்னால் எம்.காம். எங்கள் குடும்பத்தில் பெயருக்குப் பின்னால் எழுத்து வாங்கிய முதல் ஆள் நான்.

"படிப்பை எவ்வளவு பெருசா போடறதுங்க?" என்றார்.

"அளவா போடுங்க பாய்."

"அளவான்னா, பட்ட கஷ்டத்துக்கு அளவாங்களா, பந்தாவுக்கு அளவாங்களா?"

"எங்கம்மா களத்துல இருந்து பார்த்தாத் தெரியோணும். அவ்வளவுதான்."

"அம்மா படிப்பாங்களா?"

"படிக்கத் தெரியாதுங்க. ஆனா அந்த எழுத்து எந்த இடத்துல இருக்குதுன்னு தெரியும்."

அவர் கேலியை நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டரில் அந்த எழுத்துகளைக் கொஞ்சம் பெரிதாக்கினார்.

ஐம்பத்தெட்டு வயது இருக்கலாம். ஒல்லி உடம்பு, ஒதுக்கிவிட்ட வெள்ளைத் தாடி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில். உள்ளே வருகிற யாரையும் அவர் முதலில் "வாங்க" என்று சொல்வதில்லை. "சித்தே அங்கயே நில்லுங்க. உள்ள வந்ததும் மூக்குல என்ன படுது?" என்பார். பார்சல் கொண்டுவருகிற பையனிடமும் கேட்பார், கேஸ் சிலிண்டர் போடுகிறவரிடமும் கேட்பார். சந்துக்காரர்களுக்கு இது பழகிவிட்டது. "பிரியாணி வாசம் வருதுங்க பாய், எங்களைத்தான் கூப்பிட மாட்டேங்கறீங்க" என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

அவருக்கு மோப்பம் இல்லை. கொரோனா வந்து போனபோது அதையும் கொண்டுபோய்விட்டது. மற்றவர்களுக்கெல்லாம் கொஞ்ச நாளில் திரும்பியது; இவருக்குத் திரும்பவில்லை. அதற்கு முன்பு இரும்புச் சாமான் கடையில் விற்பனையில் இருந்தார். அந்த வருடமே வேலையும் போயிற்று. "அப்பல்லாம் சோறு தின்னா மண்ணைத் தின்ன மாதிரி இருக்குமுங்க. சொவத்தைப் பார்த்துட்டு உக்காந்திருந்தேன்" என்கிறார். உடுமலைப்பேட்டையில் தேங்காய் மண்டிக்காரரைக் கட்டிக்கொண்ட மகள் ஆஃப்ரின்தான், அத்தா கையும் காலும் சும்மா இருக்கக்கூடாது என்று இந்த மிஷினை வாங்கி அனுப்பினாள். முதலில் வெட்டியது ஒரு குருவி. சிறகு ஒட்டாமல் உடைந்துபோன அந்தக் குருவி இன்னும் ஜன்னல் கம்பியில் தொங்குகிறது.

வேலையில் அவருக்குச் சில பிடிவாதங்கள். மிஷின் ஓடும்போது அந்த அறையைவிட்டு நகர மாட்டார். சந்தில் யார் கூப்பிட்டாலும் போன் அடித்தாலும் திரும்பமாட்டார். காலடியில் நனைத்த சாக்கு, கை எட்டுகிற தூரத்தில் தீயணைக்கிற சிவப்பு சிலிண்டர். வெட்டி முடித்ததும் மூடியைத் திறக்க மாட்டார். விசிறி ஓடிக்கொண்டிருக்கும். பிளாஸ்க்கிலிருந்து ஒரு கிளாஸ் டீ ஊற்றி, ருசி தெரியாத அந்த டீயைச் சொட்டுச் சொட்டாகக் குடித்து முடித்த பிறகுதான் திறப்பார். "கிளாஸ் காலியாகற வரைக்கும் உள்ள இருக்கறது புகை. அதுக்கப்புறம் இருக்கறதுதான் உங்க சாமான்."

ஒருநாள் ஓர் ஆள் ரெக்சின் துண்டோடு வந்து பர்சு வெட்டித் தரச் சொன்னார். நாசர் துண்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"ரெக்சின் வெட்டறதில்லீங்க."

"ஏனுங்க, மரத்தையே வெட்டுது, இந்தத் துணிய வெட்டாதா?"

"வெட்டுமுங்க. நொம்ப நல்லா வெட்டும். ஆனா அதுல வர்றது வெறும் புகையில்ல, ஆசிட்டு. மிஷினும் அரிச்சுப் போயிரும், உங்க நெஞ்சும் அரிச்சுப் போயிரும். எனக்கு அது நாறவும் நாறாது. ரெண்டு பேரும் சிரிச்சுட்டே உக்காந்திருப்போம்."

அவர் சொல்கிற எல்லாவற்றிலும் கடைசியில் இப்படித் தன்னையே குத்துகிற ஒரு வார்த்தை வந்து உட்காரும். ஏன் என்று எனக்குத் தெரிய சில வாரங்கள் ஆயின.

மிஷின் வந்தது ஒரு தை மாதம். குழாயை எந்தப் பக்கம் விடுவது என்று அன்றும் ஊதுபத்தி கொளுத்திப் பார்த்திருக்கிறார். புகை மேற்கே, சந்துப் பக்கம் சாய்ந்தது. மேற்கு ஜன்னலில் ஓட்டை போட்டுக் குழாயை விட்டார். தை, மாசி, பங்குனி, சித்திரை, ஒரு குறையுமில்லை. கோயமுத்தூரில் பிறந்து வளர்ந்தவர், ஆனி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து என்ன காற்று வரும் என்று தெரியாதவரல்ல. ஆடியில் மாடியில் காயப்போட்ட துணியைத் துரத்திக்கொண்டு ஓடாத வீடு இந்த ஊரில் உண்டா? ஆனால் அந்தக் காற்றையும் இந்தக் குழாயையும் அவர் சேர்த்து நினைக்கவில்லை. "தையில கேட்டா அது தைக்குத்தானுங்க பதில் சொல்லும். நான் வருசம் பூராவுக்கும்னு எடுத்துக்கிட்டேன்."

ஆடிக் காற்று குழாயின் வாயில் நேராக அறைந்து, வெளியே போன புகையை வீட்டுக்குள்ளேயே திருப்பி அனுப்பியது. வேலை பார்க்கிறவருக்கு மோப்பமில்லை. நடு அறையில் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருந்தவர் அவர் மனைவி தாஜுன்னிசா.

தாஜுன்னிசா பேச்சுக்காரர். பால் வாங்கப் போனால் மூன்று வீட்டுக் கதையோடு வருவார். அதை நாசரிடம் சொல்லும்போது ஐந்து வீட்டுக் கதையாகியிருக்கும். அந்த ஆடியில் அவர் பேச்சு சுருங்கியது. எது கேட்டாலும் "ம்". எது சொன்னாலும் "சரிங்க".

"நான் என்ன நெனச்சேன் தெரியுங்களா தம்பி? வயசாச்சு, பக்குவப்பட்டுட்டான்னு சந்தோசப்பட்டேன். பள்ளிவாசல்ல பக்கத்துல உக்கார்றவங்ககிட்டயெல்லாம் சொன்னேன், எங்க ஊட்டுல இப்பத்தான் நிம்மதின்னு."

ஒருநாள் சாவிப் பலகை வாங்க வந்த ஓர் அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏனுங்க பாய், ஊடு பூராத்தையும் மூட்டம் போட்டு வெச்சிருக்கீங்க, எப்படி இதுக்குள்ள இருக்கறீங்க?" என்று கேட்டார். ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டார். அந்த வாரமே தாஜுன்னிசா அடுப்பங்கரையில் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: வீட்டில் யாராவது பீடி, சிகரெட் உண்டா? இல்லீங்க. விறகு அடுப்பா? கேஸுங்க. கொசுவர்த்தி? அதுவும் இல்லீங்க. "எல்லாத்துக்கும் டக்கு டக்குன்னு பதில் சொன்னனுங்க. நம்ம ஊட்டுல ஒரு குத்தமுமில்லைன்னு பெருமையா சொன்னேன்." ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும்போதுதான் அந்த அம்மாளின் முந்தானை நினைவுக்கு வந்திருக்கிறது.

மனைவி ஏன் சொல்லவில்லை என்பதை மகளிடமிருந்துதான் தெரிந்துகொண்டார். "புகை வருதுன்னு நான் சொன்னா, உங்களுக்கு மூக்கு இல்லைன்னு சொன்ன மாதிரி ஆயிருமே. இப்பத்தான் மனுசன் சிரிக்கறாரு" என்றாராம்.

அன்றிலிருந்து தாஜுன்னிசா உடுமலைப்பேட்டையில், மகள் வீட்டில். கையோடு தன் இலவம்பஞ்சுத் தலையணையையும் கொண்டுபோய்விட்டார். வேறு தலையணையில் அவருக்குத் தூக்கம் பிடிக்காது. நெஞ்சு தேறிவிட்டது, ஆனால் லேசாகப் புகை பட்டாலும் திரும்ப இழுக்க ஆரம்பித்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மிஷினை விற்றுவிடுகிறேன் என்று நாசர் சொன்னபோது தடுத்தவரும் அவர்தான். வேறு இடம் வாடகைக்குப் பார்த்தார்கள்; புகை வருகிற மிஷின், தீப்பிடிக்கும் என்று யாரும் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் நாசர் பஸ் ஏறுவார். ஏறுவதற்கு முன் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளிப்பார். மகள் வீட்டுப் பின்பக்கம் அவருக்கென்று ஒரு சட்டை கொடியில் தொங்கும். போட்டு வந்ததைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொண்டுதான் மனைவி முன்னால் போவார். முதலில் கொஞ்சகாலம், புகை நாற்றம் ஒட்டியிருக்குமோ என்ற பயத்தில் அத்தரைத் தாராளமாகப் பூசிக்கொண்டு போயிருக்கிறார். எவ்வளவு என்று அவருக்கு எப்படித் தெரியும்? தாஜுன்னிசா நாற்காலியைத் தள்ளித் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். "அத்தா, புகைகூடப் பரவாயில்ல, இந்த அத்தர்தான் அம்மாவுக்கு இழுக்குது" என்று கடைசியில் மகள் சொன்னாள். அதோடு அத்தரும் போயிற்று. இப்போது வெள்ளிக்கிழமையிலும் அவர் வெறும் சோப்பு வாசத்தோடுதான் இருக்கிறார். இருக்கிறது என்று நாம் சொன்னால் நம்பிக்கொள்கிறார்.

தினமும் போன் வரும். மிஷின் ஓடாத நேரமாகப் பார்த்துத் தாஜுன்னிசா கூப்பிடுவார். நாசர் போனை ஸ்பீக்கரில் போட்டு அலமாரியில் சாய்த்துவிட்டு, உப்புத்தாளால் பலகை விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருப்பார். மருமகனின் தேங்காய் மண்டியில் யாரோ யாரையோ வைத சண்டை, எதிர்வீட்டு ஆடு குட்டி போட்டது, சம்பந்தி அம்மாளின் முழங்கால் வலி எல்லாம் நிற்காமல் ஓடும். அவர் பதிலே சொல்ல மாட்டார். ஒருநாள் என்னைப் பார்த்து, "கேளுங்க, எப்படி மூச்சு விடாம பேசறா" என்றார். அலுத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் அப்படியில்லை.

இந்த ஒரு வருடத்தில் அவர் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறார். மிஷின் பக்கத்தில் இருந்த விசிறியைக் குழாயின் மறுநுனிக்கு, மொட்டைமாடிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து இழுத்தால் குழாயில் எங்கே ஓட்டை இருந்தாலும் காற்று உள்ளேதான் போகுமே தவிர, புகை வெளியே கசியாது. மேற்கு ஜன்னல் ஓட்டையைச் சிமெண்ட் போட்டு அடைத்தார். குழாயை நேரே கூரைக்கு மேலே ஏற்றி, காற்று அறையாமலிருக்கத் தலையில் ஒரு தகரத் தொப்பி வைத்தார். பின்பக்கச் சமையலறைக் கதவை, மிஷின் ஓடும்போது எப்போதும் திறந்தே வைத்தார்.

"போற காத்துக்கு வர்ற காத்து வேணுமுங்க. ஊட்டை அடைச்சு வெச்சுட்டு இழுத்தா விசிறி சும்மா கத்தும், காத்து போகாது. பின்னால இருந்து நல்ல காத்து உள்ள வரும், முன்னால இருந்து கெட்ட காத்து மேல போகும்."

"அப்போ பாய், உங்க வீட்டம்மா வந்துரலாமே" என்றேன். அது சித்திரை மாதம்.

"நானும் கேட்டேன். அவ விவரமானவளுங்க. தையில, சித்திரையில வந்து பார்த்தா எல்லா ஊடும் நல்ல ஊடுதான், ஆடியிலயே வாரேன்னு சொல்லிப்போட்டா. காத்து அடிக்கறப்போ ஒரு நாள் உக்காந்து பார்ப்பாளாம். சரியா இருந்தா இருப்பா. இல்லைன்னா..." பென்சிலை எடுத்துக் காதில் செருகினார். "இருக்குமுங்க. இன்ஷா அல்லாஹ்."

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாஜுன்னிசா வந்தார். எங்கள் வீட்டு வேலை இழுத்ததில் தள்ளிப்போய்க்கொண்டே இருந்த பெயர்ப்பலகையை அன்று வெட்டிக்கொடுப்பதாகச் சொல்லியிருந்ததால் நானும் அங்கே இருந்தேன். சந்தில் காற்று, கேபிள் ஒயர்களை ஊஞ்சலாட்டிக்கொண்டிருந்தது. தோளில் ஒரு பை, கக்கத்தில் தலையணை. நாசர் பையைப் பார்க்கவில்லை, தலையணையைத்தான் பார்த்தார். ஒரு நாள் பார்த்துவிட்டுப் போகிறவர் தலையணையைச் சுமந்துகொண்டு வரமாட்டார்.

முக்காட்டைச் சரிசெய்துகொண்டே தாஜுன்னிசா பஸ் கதையைத் தொடங்கிவிட்டார்.

"இந்தக் கண்டக்டரு இருக்கறானே, தலகாணிக்கு லக்கேஜு டிக்கெட்டு போடோணுங்கறானுங்க. ஏனப்பா, தலகாணி என்ன ஆட்டுக்குட்டியா, சீட்டுல உக்காந்திருக்குதா, என்ற மடியிலதானே இருக்குதுன்னேன். மடியில இருந்தாலும் எடம் அடைக்குதுங்கறான். அப்போ என்ற வயித்துக்கும் சேர்த்துப் போடு, அதுவும் எடம் அடைக்குதுன்னேன். பஸ்ஸே சிரிக்குது. பின்னால ஒரு பெரியவரு, அம்மணி, எனக்குத் தொப்பை பெருசு, எனக்கு ரெண்டு டிக்கெட்டான்னு கேக்கறாருங்க..."

நாசர் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கதை முடிகிற வரைக்கும் மிஷின் பக்கம் போகவில்லை. பிறகு ஊதுபத்தியைக் கொளுத்தினார். வழக்கத்தைவிட மெதுவாக மூடியைச் சுற்றிவந்தார். நான்கு பக்கமும் புகை உள்ளே போயிற்று. மனைவியைப் பார்த்தார்.

"நான் போயி டீ வெக்கறேன். நீங்க ஓட்டுங்க" என்றார் தாஜுன்னிசா. தலையணையைக் கட்டிலில், இருந்த ஒற்றைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

மிஷின் ஓடத் தொடங்கியது. அம்மாவின் பெயர், அப்பாவின் பெயர். முன்னறையில் ஒரு வாசமுமில்லை. நான் நன்றாக இழுத்துப் பார்த்தேன். "வருதுங்களா தம்பி?" "இல்லீங்க பாய், சுத்தமா இல்லை." அவர் முகம் இளகியது. "தாஜு, அங்க வருதா?" என்று கண்ணை மிஷினிலேயே வைத்துக்கொண்டு சத்தமாகக் கேட்டார். "இல்லீங்க" என்று பதில் வந்தது.

டீயை வாங்கிக்கொள்ள நான் சமையலறை வாசலுக்குப் போனேன். அங்கே கருகிய மரத்தின் வாசம் வந்தது. மெல்லியதுதான், ஆனால் சந்தேகமில்லை. பின்கதவு வழியாக வந்தது. மேற்குக் காற்று கூரைக்கு மேலே போன புகையைத் தள்ளிக்கொண்டுபோய், வீட்டின் மறுபக்கம் துணி துவைக்கிற பள்ளத்தில் இறக்கிக்கொண்டிருந்தது. திறந்திருந்த கதவு, மாடி விசிறி இழுக்கிற இழுப்புக்கு, அதை உள்ளே வாங்கிக்கொண்டிருந்தது. வருகிற காற்றாகவே புகை வந்தது. அந்த வழியின் நடுவில் தாஜுன்னிசா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் சொல்ல வேண்டாம் என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினார்.

"தம்பி, அங்க எப்படிங்க இருக்குது?" என்று முன்னறையிலிருந்து நாசர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், "நல்லா இருக்குதுங்க" என்றார் தாஜுன்னிசா.

பிறகு நாசர், "தாஜு, அந்தக் கண்டக்டரு கதைய மறுக்கா சொல்லு. தம்பி சரியா கேக்கல" என்றார்.

"அதான்... சொன்னேனுங்களே."

"அந்தத் தொப்பைக்காரரு என்ன கேட்டாரு?"

"ம்."

மிஷின் நின்றது. ஓடும்போது நகராத மனிதர் அதை அணைத்துவிட்டு, நடு அறையைக் கடந்து நேராக வந்தார். பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். மனைவியின் கையைப் பிடித்து, வீட்டின் நீளம் முழுவதும் நடத்திக்கொண்டுபோய், சந்தில், காற்று அடிக்கிற பக்கம் பார்த்து நாற்காலியில் உட்கார வைத்தார். உள்ளே போய், அவர் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்துவந்து கொடுத்தார்.

"கொஞ்சம்தானுங்க," என்று தாஜுன்னிசா இழுப்புக்கு நடுவில் சொன்னார். "நாலு நாள்ல... பழகிரும்."

"போன வருசமும் பழகித்தானே இருந்தே."

ஆஃப்ரினுக்குப் போன் போட்டார். "மாப்பிள்ளையை வண்டி எடுத்துட்டு வரச் சொல்லு கண்ணு. பஸ்ஸு வேண்டாம். ஆமா. ஆமா, திரும்பத்தான்." தாஜுன்னிசா சந்தின் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முக்காட்டின் நுனி காற்றில் படபடத்தது.

பையை எடுத்துக்கொடுக்க நான் நாசரோடு உள்ளே போனேன். மிஷினின் மூடிக்குள் என் பலகை பாதியில் நின்றிருந்தது. அம்மா அப்பா பெயர் முடிந்திருந்தது, என் பெயர் தொடங்கவில்லை. ஊதுபத்தி அதன் தாங்கியில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நாசர் கட்டிலில் இருந்த இலவம்பஞ்சுத் தலையணையை எடுத்தார். உறையின் சுருக்கத்தைத் தடவிவிட்டார். பிறகு அதில் முகத்தைப் புதைத்து, மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தார். திருப்பி மறுபக்கமும் வைத்து இழுத்தார். பின்பு முகத்தை எடுத்து, தலையணையை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"புகை ஏறியிருக்குதான்னு நீங்க பாருங்க தம்பி."